பழைய காருக்குப் புது ஸ்க்ரீன் போடலாமா?

கேள்வி: கார் கொஞ்சம் பழசு, ஸ்டீரியோவ எடுத்துட்டு ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போடலாம்னு இருக்கேன், ஸ்டீரிங் பட்டன் வேலை செய்யுமா, சவுண்டும் நல்லாருக்குமா?

பதில்: தாராளமா போடலாங்க. முதல்ல டாஷ்போர்டு இடத்த அளந்துக்கோங்க, டபுள் டின்னா (பெரிய சைஸ் ஸ்டீரியோவுக்கான இடம்) சுமார் 180க்கு 100 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்டீரிங் பட்டனுக்கு உங்க மாடலுக்குன்னு வர்ற கப்ளரையும் (வயர வெட்டாம சொருகற இணைப்பு), கேன்பஸ் (வண்டியோட பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பிக்கற வயரிங்) இருக்கற வண்டின்னா அதுக்கான பாக்ஸையும் சேர்த்து வாங்கிடுங்க. தயவுசெஞ்சு ஒரிஜினல் வயர யாரையும் வெட்ட விடாதீங்க, அப்புறம் பழைய செட்ட திருப்பி மாட்டறது பெரும்பாடு, அதோட பெரும்பாலும் மஞ்சள் வயருக்கு எப்பவும் 12 வோல்ட் வரணும், சிவப்புக்கு சாவி போட்டா மட்டும், இது மாறிப்போனா வண்டி ஆஃப் பண்றப்பல்லாம் செட்டிங் அழிஞ்சிடும். சவுண்டு ஸ்க்ரீனால மட்டும் மாறிடாது. ஸ்க்ரீனோட அட்டைப்பெட்டியில 50 வாட்னு இருக்கறது பீக் கணக்கு, அதாவது கொஞ்ச நேரம் மட்டும் எட்டற உச்ச அளவு, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தர்ற பவர், எவ்வளவுன்னு கேளுங்க, காசுல ஒரு பங்க முன்பக்க ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்க, வித்தியாசம் அங்கதான் கேக்கும்.