வறட்சி தாங்கும் குதிரை மசால் ரகம் உண்டா? நெல்லைப் பக்கம் மானாவாரிப் புஞ்சையில் போடலாமா?

கேட்டவருக்கு ராதாபுரம் பக்கம் 5 ஏக்கர் செம்மண் புஞ்சை, 4 கறவை மாடு, 20 ஆடு. கோடையில் கிணறு மாட்டுக்குக் காட்டும் அளவுக்குத்தான் ஊறும். 'தண்ணீரே கேட்காத வெளிநாட்டுக் குதிரை மசால்' என்று ஒருவர் விதை விற்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள். குதிரை மசால் (லூசர்ன், அல்ஃபால்ஃபா என்றும் சொல்வார்கள்) பல வருடம் நின்று தழை தரும் தீவனப் பயிர். அதில் வறட்சி தாங்கும் ரகம் உலகத்தில் உண்டுதான். ஆனால் அது தாங்கும் விதம் உங்கள் புஞ்சைக்குப் பொருந்தாது. இந்தப் பயிரை ஆசையாக வளர்த்து, காய விட்டு, மிஞ்சியதில் விதை எடுத்து மறுபடியும் முயன்றவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் புஞ்சை மானூர் பக்கம். 2015 ஐப்பசியில் கிணற்றடியில் 10 சென்ட் பாத்தி கட்டி 800 கிராம் விதை போட்டோம். அந்த வருடம் நல்ல மழை. 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் மாதத்துக்கு ஒன்று. அந்தத் தழையைக் கண்டுவிட்டால் மாடு வைக்கோல் பக்கம் திரும்பாது. புண்ணாக்குச் செலவு குறைந்ததை அம்மாதான் முதலில் கவனித்துச் சொன்னாள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 2017 மாசியில் மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. இருந்த தண்ணீர் மாட்டுக்கும் நாலு தென்னைக்கும் சரியாகப் போனது. சித்திரை முடியும்போது பாத்தி சருகாகக் கிடந்தது.

மண் இடம் கொடுத்தால் குதிரை மசாலின் ஆணிவேர் 5, 6 மீட்டர்கூட இறங்கும் என்று படித்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் கோடையைத் தாண்டிவிடும் என்று நினைத்தேன். பக்கத்துப் புஞ்சை அண்ணாச்சி என்னைக் கிணற்று விளிம்புக்குக் கூட்டிப் போய் உள்சுவரைக் காட்டினார். மேலே இரண்டரை அடி செம்மண், அதன் கீழே இறுகிய சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. “இருபது அடி இறங்கும்னு சொல்லுத. இறங்குததுக்கு மண்ணு எங்க தம்பி கிடக்கு?” என்றார். நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. குதிரை மசாலின் வறட்சித் தாங்கல் பெரும்பாலும் வேரின் ஆழத்தை நம்பியது. ஆழத்தில் ஈரம் இருக்க வேண்டும், அதை எட்டும் வரை வேருக்கு வழி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நிலத்தில் அந்தக் குணம் உதவாது. நீங்களும் முதலில் உங்கள் கிணற்றுச் சுவரைப் பாருங்கள்.

'வறட்சி தாங்கும்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, தண்ணீர் இல்லாத காலத்தில் சாகாமல் இருப்பது. மற்றது, தண்ணீர் குறைந்தாலும் தழை தருவது. விற்கிறவர் முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம்ப வைக்கிறார். குதிரை மசால் முதலாவதில் கெட்டிக்காரப் பயிர். ஈரம் தீர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, தரைமட்டத்தில் இருக்கும் அடிக்கட்டையில் உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கும், மழை வந்ததும் அங்கிருந்து தளிர்க்கும். ஆனால் காத்திருக்கும் மாதங்களில் மாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. இதை மாற்றுவது எந்த ரகத்துக்கும் கடினம். இலையில் நீர் வெளியேறும் துளைகள் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போகிறது. நீரை மிச்சம் பிடிக்கத் துளையை மூடினால் வளர்ச்சியும் நின்றுவிடும். தானியப் பயிர் என்றால் தட்டையைக் குட்டையாக்கிச் சத்தைக் கதிருக்குத் திருப்பலாம், நெல்லிலும் கோதுமையிலும் அப்படித்தான் விளைச்சலைக் கூட்டினார்கள். தீவனப் பயிரில் தழையும் தண்டும்தான் விளைச்சல். எதைக் குறைத்து எதைக் கூட்டுவது?

சரி, என் பாத்திக்கு வருகிறேன். அடுத்த மழைக்கு 11 தூர் உயிரோடு எழுந்தது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நம் மண்ணுக்கு ஏற்ற ரகம் கையில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அதில் செழிப்பான 3 தூரைப் பூக்க விட்டு விதை எடுத்தேன். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. அதை விதைத்தபோது வந்த செடிகள் நோஞ்சான்களாக இருந்தன, முதல் அறுப்புக்கே எழும்பவில்லை.

எங்கே தப்பு நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இந்தப் பூவின் அமைப்பே தனி. மகரந்தத் தண்டு மடல்களுக்குள் வில் போல இழுத்துப் பூட்டிக் கிடக்கும். பூச்சி வந்து அழுத்தினால்தான் விடுபட்டு, மகரந்தத்தை அதன் உடம்பில் அடிக்கும். அந்த அடி பிடிக்காமல் தேனீக்கள் மடலின் பக்கவாட்டில் நாக்கை விட்டுத் தேனை மட்டும் எடுக்கப் பழகிவிடும். அதனால்தான் வட அமெரிக்காவில் விதைப் பயிருக்கென்றே இலைவெட்டித் தேனீக்களை வளர்க்கிறார்கள். விதை குறைந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். செடி நோஞ்சானாகப் போனதற்குக் காரணம் நான். குதிரை மசால் அயல் மகரந்தப் பயிர், அதாவது வேறு செடியின் மகரந்தம் சேர்ந்தால்தான் நல்ல வாரிசு வரும். அதிலும் ஒவ்வொரு குரோமோசோமும் அதில் நான்கு பிரதிகளாக இருக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்தால் வீரியம் வேகமாக விழும். 3 தூரை மட்டும் தாயாக வைத்து நான் அதைத்தான் செய்தேன். இதில் ரகம் உருவாக்குகிறவர்கள் ஒற்றைச் செடியை நம்புவதில்லை. நல்ல செடிகள் பலவற்றைப் பொறுக்கி, ஒன்றோடொன்று கலக்க விட்டு, அந்தக் கூட்டத்தின் விதையையே ரகமாக வெளியிடுகிறார்கள்.

இன்னொரு தப்பும் உண்டு. அந்த 11 தூரில் 8 தூர், வாய்க்கால் கசியும் வரப்போரம் இருந்தவை. பிழைத்தது செடியின் குணத்தாலா, இடத்தின் தயவாலா? ஒரே பாத்தியைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஆய்வாளர்கள் ஒரே செடியின் தண்டைத் துண்டுகளாக்கி வேர்விட வைத்து, பல இடங்களில் நட்டு, எல்லா இடத்திலும் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பல்லாண்டுப் பயிர் என்பதால் ஒரு சுற்றுத் தெரிவுக்கே சில வருடங்கள் ஓடிவிடும்.

இதைப் பொறுமையாகச் செய்து காட்டிய ஒரு விவசாயி உண்டு. வென்டலின் கிரிம் 1857-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்தபோது கொஞ்சம் விதை கொண்டு போனார். அங்குள்ள கடுங்குளிரில் வருடா வருடம் பெரும்பகுதி செத்தது. மிஞ்சிய செடிகளிலிருந்து விதை எடுத்து விதைத்துக்கொண்டே இருந்தார். பல வருடம் கழித்து அது குளிர் தாங்கும் ரகமாக நிலைத்தது, 'கிரிம்' என்றே பெயர். 3 தூரைப் பொத்திப் பொத்தி வைத்த எனக்கும், வயல் முழுக்க மிஞ்சியதைக் கலக்க விட்ட அவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

வறண்ட நிலத்துக்கான வெளிநாட்டு ரகங்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் சைபீரியாவின் மஞ்சள் பூ மசால். கனடாவின் சுவிஃப்ட் கரண்ட் ஆய்வு நிலையம் 1955-இல் வெளியிட்ட 'ராம்ப்ளர்' அந்த வம்சத்தில் வந்தது. பக்கவாட்டில் படரும் வேரிலிருந்தே புதுத் தூர் விடும். 1910-இல் நம் லடாக்கின் லே பகுதியிலிருந்து அமெரிக்கா போன விதையிலிருந்து வந்த ரகம் 'லடாக்'. அருமையான பயிர்கள்தான், ஆனால் அவை தேறியது பனி விழும் நாட்டின் வறட்சியில். அறுத்த பிறகு மெதுவாகத்தான் தளிர்க்கும் வம்சம் அது. நம் பங்குனி வெயிலும், ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து ஈரத்தை உறிஞ்சும் மேல்காற்றும் அவற்றுக்குப் பழக்கமில்லை. நம் நாட்டு ரகங்களான குஜராத்தின் ஆனந்த் 2, மகாராஷ்டிரத்தின் ஆர்.எல். 88, நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 எல்லாமே இறவைக்கு, அதாவது தண்ணீர் பாய்ச்சும் நிலத்துக்குத்தான்.

அப்படியானால் உங்கள் 5 ஏக்கருக்கு என்ன? மழை நம்பிய இடத்தில் முயல் மசால் போடுங்கள், கூடவே கொழுக்கட்டைப் புல். முயல் மசால் (ஸ்டைலோ) அமெரிக்கக் கண்டத்துத் தீவனச் செடி, வருடத்துக்கு 450 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே சமாளிக்கும், ஏழைச் செம்மண்ணைக் குறை சொல்லாது. ஆட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். வரப்போரம் வேலி மசால் என்ற இன்னொரு தீவனச் செடியை நட்டால் மானாவாரியிலும் கொஞ்சமாவது வெட்டக் கிடைக்கும். இரண்டுக்கும் விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீர் 80 டிகிரிக்கு ஆறியதும் அதில் 4, 5 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துக் காலையில் விதையுங்கள். இதைச் செய்யாமல் போட்டுவிட்டு 'விதை முளைக்கவில்லை' என்பவர்கள்தான் அதிகம். புரட்டாசிப் பட்டத்தில் ஒரு ஏக்கர் நாத்துச்சோளம் (தட்டைக்காக நெருக்கி விதைக்கும் சோளம்) விதைத்து, அறுத்துக் காய வைத்துப் படப்பு போட்டுவிடுங்கள், கோடைக்கு அதுதான் கை கொடுக்கும். சோளம் இளசாக வாடி நிற்கும்போது மட்டும் மாட்டை விடாதீர்கள், விஷம்.

குதிரை மசால் ஆசை இருந்தால் கிணற்றடியில் 5 சென்ட் போதும். கோடையில் தண்ணீர் நின்றால் பதறாமல் அப்படியே விட்டுவிடுங்கள், காய்ந்த பிறகு ஆடு அடிக்கட்டையைக் கடிக்காமல் மட்டும் முள் அடையுங்கள். அறுத்த பச்சையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, வயிறு உப்பிப் பசு சாய்ந்துவிடும். வைக்கோலோ தட்டையோ தின்ற பிறகு, கொஞ்சம் வாட விட்டுப் போடுங்கள். முயல் மசாலிலும் வேலி மசாலிலும் அந்தப் பயம் இல்லை.

வேலி மசால் விதை என்னிடம் இரண்டு கிலோ இருக்கிறது. ஆவணிக்குள் கேட்டால் பாதியை அனுப்பி வைக்கிறேன்.