மண்டை ஓட்டுல ரெண்டு ஓட்டை: குண்டு எது வழியா உள்ள போச்சு?

தடயவியல் படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்காங்க: "வெறும் எலும்பா வந்த மண்டை ஓடு, நெத்தியில ஒரு ஓட்டை, பின்மண்டையில ஒரு ஓட்டை. குண்டு எந்தப் பக்கம் உள்ள போச்சுன்னு எப்படி சொல்றது? ஓட்டையை அளந்து குண்டு சைஸை எழுதலாமா?"

ஓட்டை சின்னதா பெருசாங்கறதை முதல்ல ஓரமா வைங்கம்மா, சின்னது உள்ள போனது பெருசு வெளிய வந்ததுங்கற கணக்கு பல கேஸ்ல சரியா வந்தாலும் அதை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதவே கூடாது. நீங்க பாக்க வேண்டியது விளிம்பு. மண்டை எலும்புக்கு வெளி அடுக்கு, உள் அடுக்குன்னு ரெண்டு இருக்கு, நடுவுல பஞ்சு மாதிரி டிப்ளோ. குண்டு எந்தப் பக்கமா போகுதோ அந்தப் பக்கத்து அடுக்குதான் அகலமா பெயர்ந்து சரிவா நிக்கும், இதைத்தான் பெவலிங்னு சொல்றோம். அதனால உள்ள போன ஓட்டை வெளிய இருந்து பாத்தா கச்சிதமாவும் உள்பக்கம் அகலமாவும் இருக்கும், வெளியேறின ஓட்டை அப்படியே தலைகீழ்.

கண்குழி மேல்தளம், பொட்டெலும்பு மாதிரி மெல்லிசான இடத்துல டிப்ளோ சரியா இல்லாததால சரிவு தெளிவா தெரியாது. குண்டு சாய்வா உரசிப் போயிருந்தா ஒரே ஓட்டையில ரெண்டு வகை சரிவும் வந்து சாவித்துவாரம் மாதிரி தெரியும், அதைப் பாத்துட்டு ரெண்டு குண்டுன்னு எழுதிடாதீங்க.

அடுத்தது விரிசல், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான். புதுசா ஓடி வர்ற விரிசல் ஏற்கனவே இருக்கற விரிசல்ல முட்டி நின்னுடும், தாண்டாது. ஜெர்மன் மருத்துவர் கியோர்க் புப்பே பேர்ல இதை புப்பே விதின்னு சொல்வாங்க. உள்ள போன ஓட்டையில கிளம்பற விரிசல் எலும்பு வழியா குண்டை விட வேகமா ஓடும், பல நேரம் குண்டு மறுபக்கம் வர்றதுக்குள்ள அங்க போய் சேந்திருக்கும், அதனால வெளியேறின ஓட்டையோட விரிசல்தான் முட்டி நிக்கும். ரெண்டு மூணு தடவை சுட்டிருந்தா எது முதல்லன்னு சொல்லவும் இதே வழிதான். ஆனா துண்டு துண்டா இருந்தா முதல்ல பொறுமையா சேத்து ஒட்டுங்க, ஒட்டாம விரிசல் வரிசையைப் பத்தி பேசறதுல அர்த்தமே இல்ல. ஒட்டறதுக்கு முன்னாடி போட்டோ, எக்ஸ்ரே எடுத்துடுங்க, விளிம்புல ஈயத்துகள் இருந்தா எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும். வெளி அடுக்குல ஓட்டையைச் சுத்தி கரி படிஞ்சிருந்தா துப்பாக்கியை தலையில அழுத்தி வச்சு சுட்டிருக்கலாம், அதனால எலும்பை கழுவறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

குண்டு சைஸ் விஷயத்துல கண்டிப்பா சொல்றேன், ஓட்டை அளவை வச்சு இந்தக் குண்டுதான்னு எழுதாதீங்க. .38 ஸ்பெஷல் குண்டோட விட்டம் 0.357 அங்குலம், 9 மிமீ குண்டு 0.355, இந்த வித்தியாசத்தை எலும்பு எப்படிக் காட்டும்? குண்டு நசுங்கியோ சாய்ஞ்சோ வந்திருந்தா அளவு இன்னும் மாறும். அளவை அப்படியே பதிவு பண்ணிட்டு, "இந்த அளவு குண்டோட ஒத்துப்போகலாம்"ங்கறதோட நிறுத்திக்கோங்க.