தெருநாய்களுக்கு விஷம் வைத்தால் வழக்கு நிற்குமா?

கேள்வி: திருச்சி புறநகரில் குடியிருக்கிறோம். நான்கு நாட்களுக்கு முன் காலையில் எங்கள் தெருவில் வளர்ந்த இரண்டு நாய்கள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. மூன்றாவது நாயை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துக்கொண்டது. குப்பைத்தொட்டி ஓரத்தில் உடைந்த பிஸ்கட்டுகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் குருணை மருந்து மாதிரி கிடந்தது. செத்த இரண்டையும் பக்கத்துக் காலி மனையில் புதைத்துவிட்டோம். போன வாரம்தான் எதிர்வீட்டுக்காரர் "மருந்து வச்சாத்தான் இதுங்க அடங்கும்" என்றார். கேட்டவர்கள் நாங்கள் இருவர். காவல் நிலையத்தில் "நாய்க்கு ஓனர் யாரு? உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கு போட முடியுமா?

பதில்: முடியும். புகார் கொடுக்க நீங்கள் நாயின் உரிமையாளராக இருக்கத் தேவையில்லை. ஒரு குற்றம் நடந்ததென்று தெரிந்த யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் தகவல் சொல்லலாம். குற்றவியல் சட்டத்தின் அடிப்படையே அதுதான்.

புகார் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குருணை இன்னும் அங்கேயே கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கிடக்கும் நிலையிலேயே படம் எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடி பாட்டிலில் அள்ளி மூடி, தேதியும் இடமும் எழுதி ஒட்டி வையுங்கள். கூடவே ஒரு சாட்சியை நிற்க வையுங்கள். குழந்தைகள் விளையாடும் தெருவில் அது ஒரு மணி நேரம்கூடக் கிடக்கக் கூடாது.

அடுத்தது, புதைத்த உடல்கள். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பரிதாபப்பட்டு உடனே புதைத்துவிடுகிறோம். அப்புறம் விஷத்தால்தான் செத்தது என்று நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருப்பதில்லை. உங்கள் விஷயத்தில் நான்கு நாட்கள்தான் ஆகியிருக்கின்றன. புதைத்த இடத்தை அடையாளம் வைத்து, நீங்களாகத் தோண்டாமல், உடல்களை எடுத்து அரசு கால்நடை மருத்துவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்யவும், உள்ளுறுப்புகளைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பவும் வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள். பிழைத்த நாயின் சிகிச்சைச் சீட்டும் உங்களுக்குப் பெரிய பலம். மருத்துவர் என்ன அறிகுறி பார்த்தார், எந்த ஊசி போட்டார் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். பிராணிகள் வதை தடுப்புச் சட்டம், 1960-இன் 11(1)(எல்) பிரிவு, தேவையற்ற கொடூர முறையில் எந்தப் பிராணியைக் கொல்வதும் குற்றம் என்கிறது. அந்தப் பிரிவிலேயே 'தெருநாய்கள் உட்பட' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறது. 'ஓனர் யாரு' என்று உங்களிடம் கேட்டதற்குச் சட்டப் புத்தகத்திலேயே உள்ள பதில் அது. புகாரில் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுங்கள். அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, இது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம்.

ஆனால் இந்தச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதல் முறை குற்றத்துக்கு அதில் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி 1950-களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக வந்த சட்டம் இது. அன்றைய 50 ரூபாய் இன்றுவரை மாறவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதோடு, இந்தச் சட்டத்தின்படி வழக்குத் தொடர 3 மாதம்தான் காலவரம்பு.

அதனால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 325-ஆம் பிரிவும் முதல் தகவல் அறிக்கையில் இருந்தாக வேண்டும். எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனப்படுத்துவது ஆகியவற்றுக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று விலங்கின் விலையைப் பார்த்துப் பிரித்திருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த விலைக் கணக்கு போய்விட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தப் பிரிவு சொத்து சேதம் சம்பந்தப்பட்டது, தெருநாய் யாருடைய சொத்து என்று வாதாடுவார். அந்த வாதம் நீதிமன்றத்தில் நடக்கட்டும், நிலைய வாசலிலேயே முடிந்துவிடக் கூடாது. அதே சன்ஹிதாவின் 286-ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். மனித உயிருக்கு ஆபத்து வரும்படி நச்சுப்பொருளை அலட்சியமாகக் கையாள்வது பற்றியது அது. அந்த இடத்தில் குழந்தைகள் நடமாடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதினால், புகாரைப் படிக்கும் அதிகாரியின் பார்வையே மாறும்.

எதிர்வீட்டுக்காரர் விஷயத்தில் நிதானம் வேண்டும். அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. அவர் விஷம் வைத்ததை நீங்கள் பார்க்கவில்லை. எந்த நாள், எத்தனை மணி, என்ன வார்த்தை, கூட யார் இருந்தார்கள் என்பதை மட்டும் எழுதி, 'சந்தேகம் உள்ளது, விசாரிக்க வேண்டும்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் 'கொலைகாரன்' என்று போட்டுவிடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். அந்தத் தெருவில் எந்த வீட்டில், எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பல கேமராக்களில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்து புதிது ஏறிவிடும். உரிமையாளர் பதிவைக் கொடுத்தால், பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படியான சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் பதிவு சாட்சியமாக ஏறுவது கஷ்டம்.

சரி, நிலையத்தில் மறுபடியும் வாங்க மறுத்தால்? முதலில் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கேளுங்கள். 325-இன் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரம்புக்குள் வருவதால், டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் 14 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். 'விசாரிக்கிறோம், போங்க' என்று மாதக்கணக்கில் இழுக்க முடியாது. அதற்கும் அசையவில்லை என்றால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், உங்கள் பகுதி மாநகரக் காவல் எல்லைக்குள் வந்தால் ஆணையருக்கு. பிறகு பி.என்.எஸ்.எஸ்., அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(3)-இன் கீழ், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், நீதிமன்றம் கேட்கும். மாவட்டந்தோறும் பிராணிகள் வதை தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டு விதி. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து அதற்கும் ஒரு நகல் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுக்கும். அந்த நாய்களுக்கு எங்கே சோறு வைத்தீர்கள்? 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இவற்றை விட்டுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கச் சொல்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், ஒதுக்கிய இடத்தைத் தவிரத் தெருவில் உணவளிக்கக் கூடாது என்றது. நாய்க்கடிக்குப் பயப்படுகிறவரின் பயமும் உண்மையானதுதான். அவரும் மாநகராட்சியிடம் முறையிட்டிருக்கலாம். நீங்களே முந்திக்கொண்டு, உணவிடத்தை ஒதுக்கித் தரச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிழைத்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட வேண்டும் என்று அதே மனுவில் எழுதுங்கள். உடம்பு தேறும்வரை அதை யாராவது ஒருவர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் வைத்திருங்கள்.