கருத்தடை மாத்திரை: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பெண்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, இந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது?

பதில்: இதில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்று இரண்டு ஹார்மோன்கள். கருமுட்டையை வெளியே விடும்படி மூளையிலிருந்து வரும் உத்தரவை இவை அடக்குகின்றன. கருப்பை வாயிலுள்ள சளியும் கெட்டியாகி விந்தணுவைத் தடுக்கிறது.

கேள்வி: நேற்று ஒன்று மறந்துவிட்டேன். கர்ப்பமாகிவிடுமா?

பதில்: பயப்படாதீர்கள். நினைவு வந்ததும் போடுங்கள், இன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டானாலும் கெடுதல் இல்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டால்தான் கவலை. கடைசியாக விட்டதை மட்டும் போட்டு, தொடர்ந்து 7 நாள் மாத்திரை எடுத்து முடிக்கும்வரை ஆணுறை வேண்டும்.

பலரும் கவனிக்காதது அட்டையின் இரு முனைகளைத்தான். 28 மாத்திரை அட்டையில் பெரும்பாலும் 21தான் மருந்துள்ளவை. மருந்தில்லாத 7 நாளில் சினைப்பை மெல்ல வேலையைத் தொடங்கப் பார்க்கும். புது அட்டையை இரண்டு நாள் தள்ளி ஆரம்பித்தால் இடைவெளி 9 நாளாகி முட்டை வந்துவிடலாம். அப்படி நேர்ந்து உறவும் கொண்டிருந்தால், தாமதிக்காமல் கிளினிக்கில் அவசரக் கருத்தடை கேளுங்கள். மூன்றாம் வாரத்தில் விட்டிருந்தால் மருந்தில்லாததை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போங்கள்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறேன். மாதவிலக்கைத் தள்ளிப்போடலாமா?

பதில்: ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் என்றால் லேசு. மருந்தில்லாத 7ஐத் தாண்டி அடுத்த அட்டையைத் தொடங்குங்கள். ரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வது சரியில்லை. கருப்பையின் உள்படலம் வளராமல் மெல்லிசாகவே இருக்கும், தேங்க ஒன்றுமில்லை. மருந்துள்ளவையே பல நிறத்தில் வரும் அட்டை என்றால் மருந்தாளரைக் கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பக்கத்து வீட்டு அட்டையை வாங்கிப் போடவே கூடாது, முன்கூட்டியே கிளினிக் போங்கள். தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்று வீட்டார் கட்டாயப்படுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: காசநோய் மருந்து எடுக்கிறேன்.

பதில்: அதில் ரிஃபாம்பிசின் இருந்தால் இந்த மாத்திரையை நம்பாதீர்கள். கல்லீரல் ஹார்மோனைச் சீக்கிரம் அழித்துவிடும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி கருத்தடைச் சாதனம் பற்றி நர்ஸிடம் பேசுங்கள்.

கேள்வி: வயது 38, சிகரெட் பழக்கம் உண்டு.

பதில்: வேண்டாம். ரத்தக் கட்டி, மாரடைப்பு ஆபத்து. ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர்களும் வேறு வழி கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 16 வயது. அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 12 வயதிலிருந்து பெற்றோர் அனுமதி தேவையில்லை, கண்ணு. அரசு கிளினிக்கில் இலவசம். ஆனால் மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்காது, ஆணுறையையும் சேர்த்தே கேட்டு வாங்கு.