லீவு விட்ட மூன்றாம் நாள் ஏன் இருப்புக் கொள்ளவில்லை? – கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக இருப்பது என் வேலை. படித்தது மருத்துவ உளவியல். மாத்திரை எழுதித் தரும் டாக்டர் இல்லை. பரீட்சை நேரத்தில்தான் எனக்கு வேலை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போன் விடாமல் அடிப்பது டிசம்பர் கடைசியிலும் மே மாதத்திலும்தான், எல்லோரும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. இந்த லீவில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி ஊர், வகுப்பு விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு பொறியியல், தென்காசிப் பக்கம்): அக்கா, செமஸ்டர் நல்லபடியாகத்தான் முடிந்தது. அரியர் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கித் தீர்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து காரணமே இல்லாமல் பதற்றம். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஏதோ செய்ய மறந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. ஏன் இப்படி?

பதில்: "ஏதோ மறந்துவிட்ட மாதிரி" என்று எழுதினீர்களே தம்பி, இதையே எத்தனையோ பேர் இதே வார்த்தைகளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் கணக்குதான்.

இரண்டு விஷயம் நடக்கிறது. முதலாவது உடம்பு. ரெக்கார்ட் நோட்டு, இன்டர்னல், வைவா, விடிய விடிய படிப்பு என்று நான்கு மாதம் உங்கள் உடம்பு அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்களின் தயவில் ஓடியிருக்கிறது. பரீட்சை முடிந்தது உங்களுக்குத் தெரியும், உடம்புக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. கிரைண்டர் சுவிட்சை நிறுத்தினாலும் கல் கொஞ்ச நேரம் சுற்றுமே, அது மாதிரி. உள்ளே மாவு இருந்தவரை கேட்காத சத்தம் இப்போது கேட்கிறது.

இரண்டாவதுதான் முக்கியம். காரணமில்லாத படபடப்பை மனசு ஏற்றுக்கொள்ளாது. உடனே காரணம் தேடக் கிளம்பிவிடும். ரிசல்ட் என்ன ஆகும், அப்பாவுக்குச் சுகர் ஏறியிருக்கிறதே, அந்த நண்பன் ஏன் மெசேஜுக்குப் பதில் போடவில்லை என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து "இதனால்தான்" என்று காட்டும். நீங்களும் அந்தக் காரணத்தோடு மல்லுக்கு நிற்பீர்கள். ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று வரும், ஏனென்றால் முதலில் வந்தது பதற்றம், காரணம் பின்னால் ஒட்டவைத்தது.

இது இன்றைய தலைமுறையின் வியாதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாரம் முழுக்க நன்றாக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைவலி, மனக்கலக்கம் என்று வருபவர்களைப் பற்றி ஃபெரென்சி என்ற ஹங்கேரிய மனநல மருத்துவர் 1919லேயே எழுதியிருக்கிறார்.

என்ன செய்வது? எழும் நேரத்தை மட்டும் கட்டிப்போடுங்கள். தூங்கும் நேரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெயில் முகத்தில் படும்படி வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்தான். அப்புறம் தினமும் கையால் செய்யும் வேலை ஒன்று. அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும்.

நான் முதலாம் ஆண்டு லீவில் வந்திருந்தபோது கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையை முறத்தில் போட்டு என் முன்னால் வைத்தார். முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருந்தது. ஈர்க்கு ஈர்க்காக உருவி, பழுத்த இலையைத் தள்ளி, பூச்சிக்கூடு இருந்ததை வீசி, முடித்து நிமிர்ந்தால் முக்கால் மணி நேரம் போயிருந்தது. கால் ஆட்டுவது எப்போது நின்றது என்றே தெரியவில்லை. அம்மா எந்த உளவியலும் படித்தவர் இல்லை. கீரை ஆய ஆள் கிடைத்ததே என்றுதான் கொடுத்திருப்பார்.

கேள்வி (பி.காம்., முதலாம் ஆண்டு): மேடம், இரவு 2 மணிக்குத் திடீரென்று முழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, விரல் எல்லாம் மரத்துப்போகிறது, செத்துப்போய்விடுவேன் என்று பயம். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். அப்படியானால் இது என்ன?

பதில்: டாக்டரைப் பார்த்தது நல்ல காரியம். முதல் தடவை நெஞ்சில் இப்படி வந்தால் "எல்லாம் டென்ஷன்" என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக் மாதிரி இருக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமாக விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமான மூச்சு. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடம் ஒரு யுகம் மாதிரி இருக்கும், மறுக்கவில்லை.

பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா மூச்சை இழு, இழு" என்பார்கள். அது தப்பு. ஏற்கெனவே காற்றை அதிகமாக இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கவனம் வெளியே விடும் மூச்சில் இருக்க வேண்டும். படுக்கையில் எழுந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை சாதாரணமாக இழுங்கள். சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் செய்யுங்கள். இதைப் பகலில், நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்ள வேண்டும். நீச்சலை வெள்ளம் வந்த அன்று பழக முடியாது.

இன்னொன்று, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். ஹாஸ்டல் சாப்பாட்டில் ஒரு வருடம் ஓட்டிய பெண்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். மாலை காபியையும் நிறுத்திப் பாருங்கள். காபியில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். 6 மணிக்குக் குடித்தது 11 மணிக்கும் உள்ளே பாதி இருக்கிறது.

கேள்வி: சொந்தக்காரர்கள் எல்லோரும் "பிளேஸ்மென்ட் ஆச்சா?" என்றே கேட்கிறார்கள். பொங்கலுக்கு யார் வீட்டுக்கும் போகப் பிடிக்கவில்லை.

பதில்: "பார்த்துட்டு இருக்கேன் சித்தப்பா. உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" இதற்கு மேல் அவருக்கும் உங்கள் பிளேஸ்மென்ட் ஞாபகம் இருக்காது.

கேள்வி (இரண்டாம் ஆண்டு, சேலம்): அக்கா, பதற்றம் வந்தாலே போனை எடுத்துவிடுகிறேன். ரீல்ஸ் பார்க்கும்வரை நன்றாக இருக்கிறது. கீழே வைத்தால் முன்பைவிட அதிகமாகிறது. போனை அம்மாவிடம் கொடுத்துவிடட்டுமா?

பதில்: கொடுத்தால் நாளை மதியம் அம்மாவிடம் சண்டை போட்டு வாங்கிவிடுவீர்கள். வேண்டாம்.

மனிதனுக்குத் தன் யோசனையோடு தனியாக இருப்பது அவ்வளவு கஷ்டம். 2014ல் அமெரிக்காவில் டிமோதி வில்சன் என்ற உளவியலாளரின் குழு ஒரு சோதனை செய்தது. வெறும் அறையில் 15 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தி லேசான மின் அதிர்ச்சியைத் தனக்கே கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்தினார்கள். உங்கள் கையில் இருப்பது ரீல்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதற்றம் வந்ததும் எடுக்காமல், பத்து நிமிடம் கழித்து எடுங்கள். எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் மொட்டைமாடி ஏறி இறங்கலாம், துணி மடிக்கலாம். பாதி தடவை பத்து நிமிடம் கழித்துத் தேவைப்படாது. மீதிப் பாதி தடவை எடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். இரவில் மட்டும் சார்ஜரை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய், தஞ்சாவூர்): மேடம், பையன் லீவில் வந்து பத்து நாள் ஆகிறது. ரூமை விட்டு வருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டால் அழுகிறான்.

பதில்: அம்மா, உங்கள் ஆற்றாமை புரிகிறது. ஆனால் "என்ன குறை" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை, அதனால்தான் அழுகிறான். குறை இல்லாமலே மனசு இப்படி ஆகும். காய்ச்சல் வந்தவனிடம் "உனக்கு என்ன குறை" என்று கேட்க மாட்டோம் இல்லையா?

கேள்வியை விட்டுவிட்டுச் சின்ன வேலையாகக் கூப்பிடுங்கள். "மாவு மில்லுக்குப் போகணும், வண்டியில் கொண்டுபோய் விடு" என்கிற மாதிரி. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வராதது வண்டியின் பின்சீட்டில் இருப்பவரிடம் சொல்ல வரும். அவன் பேசினால் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். தூக்கம், சாப்பாடு, குளியல் எல்லாம் குலைந்து இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "உனக்குத் துணையாக நானும் வருகிறேன்" என்று சொன்னால் போதும்.

கேள்வி: நண்பன் ஒரு மாத்திரை கொடுத்தான், அல்பிரசோலம். அரை போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. லீவு முடியும்வரை போடலாமா?

பதில்: கூடாது. பழக்கமாகிவிடும் மாத்திரை அது. உடம்பு பழகியபின் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். குடியோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. ஒன்றிரண்டு தடவைதான் என்றால் இத்தோடு விட்டுவிடுங்கள். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிக் குறையுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): எனக்கு லீவு என்றாலே பயம். அப்பா குடித்துவிட்டு வருவார். கேட் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. நானும் மூச்சுப் பயிற்சி செய்யட்டுமா?

பதில்: செய்யலாம்மா, ஆனால் உங்களுக்கு வந்திருப்பது காரணமில்லாத பதற்றம் இல்லை. மனசு காரணத்தைப் பின்னால் ஒட்டவைக்கிறது என்று மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஆபத்து இருக்கும் இடத்தில் உடம்பு சரியாகத்தான் எச்சரிக்கிறது, அதைத் தப்பென்று நினைக்க வேண்டாம். லீவில் பாதியை அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ கழிக்க வழி இருக்கிறதா பாருங்கள். ஹாஸ்டலில் லீவிலும் தங்க அனுமதி உண்டா என்று வார்டனிடம் கேளுங்கள். மாலை நேரத்துக்கு நூலகம். அடி, மிரட்டல் வரை போனால் 181, பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 112. இதை நம்பிக்கையான ஒரு பெரியவரிடமாவது சொல்லிவையுங்கள்.

கேள்வி: சில நேரம் இல்லாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. சும்மா தோன்றுவதுதான்.

பதில்: சும்மா தோன்றுவதாகவே இருக்கட்டும், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் முடியாதென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104க்கும் கூப்பிடலாம். இன்று இரவு தனியாகப் படுக்க வேண்டாம், கூடத்தில் எல்லோரோடும் படுங்கள். அந்த எண்ணம் ஒரு திட்டமாக மாறினால் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள், எதிர்பார்ப்பேன்.

கேள்வி: மனநல டாக்டரிடம் போனால் காலேஜுக்குத் தெரிந்துவிடுமா? பணமும் அதிகம் கேட்பார்களாமே?

பதில்: காலேஜுக்குத் தெரியவராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, காலையில் ஓபி சீட்டு எடுத்தால் போதும். வரிசையில் தெரிந்தவர் யாராவது நிற்பார்கள் என்று பயப்படுகிறீர்கள், அதுதானே? நின்றால் அவரும் அதற்குத்தானே வந்திருக்கிறார்.

கேள்வி (தென்காசித் தம்பியே மறுபடி): அக்கா, கீரை இல்லை, தேங்காய் உரித்தேன். பதற்றம் பரவாயில்லை. இப்போது காலேஜ் திறக்கப் போகிறதே என்று ஆரம்பித்திருக்கிறது. திங்கட்கிழமை திறக்கிறார்கள்.

பதில்: பார்த்தீர்களா, அதற்குப் புதுக் காரணம் கிடைத்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி விடியற்காலையில் இறங்கி அப்படியே வகுப்புக்கு ஓடாதீர்கள். சனிக்கிழமையே கிளம்புங்கள். ஞாயிறு முழுக்க ரூமைக் கூட்டி, துணி துவைத்து, மெஸ்ஸில் சாப்பிட்டுச் சும்மா இருங்கள். உரித்த தேங்காயில் நான்கை அம்மாவிடம் கொடுத்துப் பருப்புப்பொடியோடு தேங்காய்ப்பொடியும் இடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் முதல் நாள் ராத்திரியே தீர்ந்துவிடும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.