‘துகில்’ பார்த்துப் பாதியில் எழுந்தவர் விமர்சனம் எழுதலாமா?

அன்புள்ள ஐயா,
ஆரணிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் ‘துகில்’ தெருக்கூத்து (பாஞ்சாலி துகிலுரியும் கதை) பார்த்தேன். விமர்சனம் எழுதச் சொல்லி ஒரு சிற்றிதழில் கேட்கிறார்கள். ஜமாவின் (கூத்துக் குழுவின்) தலைவரான வாத்தியார் எனக்குத் தூரத்து மாமா முறை. விழாக் கமிட்டி துண்டு போர்த்தி முன்வரிசையில் உட்காரவைத்தது. இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன். பாட்டு சரியாகக் கேட்கவில்லை, நடுவில் தொய்வு. எழுதலாமா?
வேலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத வேண்டாம். மாமா முறை தடையில்லை. உறவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார். பாதியில் எழுந்து வந்ததுதான் தடை. விடிய விடிய நடக்கும் கூத்தில் துகிலுரியும் கட்டம் பின்னிரவில்தான் வரும். அதைப் பார்க்காமல் ‘துகில்’ பற்றி என்ன எழுதுவீர்கள்? பல ஊர்களில் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டுவார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது நாடகமல்ல, வழிபாடு. அதையும் தொய்வு என்று எழுதிவிடக் கூடாது.

நீங்கள் சொல்லும் தொய்வு எங்கே வந்தது? கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் அன்பளிப்புக் கொடுத்தவர் பெயர்களைச் சொன்னபோதா, சூதாட்டத் தர்க்கத்திலா? முன்னது ஊர்ப் பழக்கம். பின்னதுதான் வாத்தியார் பொறுப்பு. கதை வெட்டுப்பட்டிருந்தாலும், வெட்டியது யார் என்று விசாரியுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு 2000இலிருந்து விதியாகவே இருக்கிறது. போலீஸ் சொல்லிக் கமிட்டி சுருக்கியிருக்கலாம்.

பாட்டு கேட்காததற்கு முதலில் மைக்கைப் பாருங்கள். களரி (ஆடுகளம்) நடுவில் ஒரே மைக்கைத் தொங்கவிட்டால் நடிகர் அதன் கீழேயே நிற்க வேண்டும். கிறுக்கி (வேகமாகச் சுழலும் அடவு) சுற்றி விலகினால் குரல் போய்விடும், விலகாவிட்டால் ஆட்டம் சுருங்கிவிடும். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மைக் வைத்தால் முகவீணை (சிறிய ஊதுகுழல்) அமுங்கும். மைக்செட் பேசியது கமிட்டி. “வாத்தியாருக்குக் குரல் போய்விட்டது” என்று அச்சில் வந்தால், அடுத்த சித்திரையில் ஊர்க்காரர்கள் வேறு ஜமாவுக்குத் தாம்பூலம் வைப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் பிழைப்பு அது. குரல் நிஜமாகவே போயிருந்தால் எழுதத்தான் வேண்டும். எந்த விருத்தத்தில் (தாளமில்லாமல் பாடும் பாட்டு), எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதுங்கள்.

துண்டைப் போர்த்திய பிறகு மறுத்தால் ஊரை அவமதித்ததாகிவிடும். அடுத்த முறை போனதுமே கமிட்டித் தலைவரிடம் “எழுத வந்திருக்கிறேன், மரியாதை வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். நீங்களும் அன்பளிப்புக் கொடுக்காதீர்கள், உங்கள் பெயர் மைக்கில் வந்துவிடும். முன்வரிசை நாற்காலியைவிடப் பக்கவாட்டில் தரை நல்லது. வேஷமும் தெரியும், பின்பாட்டுக்காரர் எப்போது அடியெடுத்துக் கொடுக்கிறார் என்பதும் தெரியும். நோட்டில் மணியோடு குறியுங்கள்: வேஷம் வரும்போது திரை பிடித்தது, விருத்தம் முழுதா பாதியா, தருவில் (தாளத்தோடு பாடும் பாட்டு) தாளம் எங்கே தப்பியது. கண்ணயர்ந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். அந்தப் பகுதியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

சந்தேகங்களை விடிந்த பிறகு, தேங்காயெண்ணெய் தடவி வேஷம் கலைக்கும்போது கேளுங்கள். யார் என்ன வேஷம் கட்டினார், மாற்று ஆள் வந்தாரா என்ற விவரம் மட்டும் போதும். எழுதியதை அச்சாகும் முன் மாமாவிடம் காட்ட வேண்டாம்.

ஆடி வரை கூத்து உண்டு. அதே ஜமா இன்னொரு ஊரில் துகில் போடும். மதியம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.