மோகினியின் மறுநாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

வணக்கம். போன மாதம் புதுச்சேரியில் நீங்கள் ஃபேன்டஸி பற்றிப் பேசிய கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். பேச்சுக்கு நடுவே ஸ்டார்ம் கான்ஸ்டன்டைன் என்ற ஆங்கில எழுத்தாளரின் பெயரைச் சொல்லி, "ஆண், பெண் என்ற கணக்கைக் கலைத்துப் பார்த்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்" என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் தேடி, அவருடைய ரேத்தூ வரிசையில் முதல் நாவலை வாங்கினேன். படித்து முடித்துவிட்டேன்.

நாவல் முழுக்க அழகான பையன்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டு, ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருக்கும் புது இனமாக மாறுகிறார்கள். சரி. ஆனால் அந்த வாய்ப்பு ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களைக் கதை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. இதை எழுதியவர் ஒரு பெண் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோபமும் வந்தது.

என் அம்மாவுக்குப் பிள்ளையார்குப்பம் பக்கம். சின்ன வயசிலிருந்தே கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அறுப்பதும் எங்களுக்குப் புதுசில்லை. கிருஷ்ணனே பெண்ணாகி வரும் கதையை வைத்துக்கொண்டு, இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் நாம் போய்த் தெரிந்துகொள்ள இதில் என்ன இருக்கிறது? இவ்வளவு எழுதியவரை ஏன் இங்கே யாருக்கும் தெரியவில்லை?

இன்னொன்று. தம்பி ப்ளஸ் ஒன் படிக்கிறான். டிராகன் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. இதைப் படிக்கக் கொடுக்கலாமா?

அன்புடன்,
ச.,
முதலியார்பேட்டை

---

அன்புள்ள ச.,

கோபம் வந்தும் கடைசிப் பக்கம் வரை போயிருக்கிறீர்கள். முதல் நாவலோடு நிறுத்திவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். கான்ஸ்டன்டைனை நான் கொண்டாடுவது இரண்டாவது நாவலுக்காக. அதற்கு வருகிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது, பலரும் கேட்ட கேள்விதான். மனித குலம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் இடிபாடுகளிலிருந்து ரேத்தூ என்ற இனம் எழுந்து வருகிறது. அவர்களால் பிள்ளை பெறவும் முடியும், பிள்ளை கொடுக்கவும் முடியும். ஆனால் அந்த இனத்தில் சேர ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகும் எல்லாரும் 'அவன்'தான். மூன்றாவது நாவலில், 1989-இல், பெண்களிலிருந்து உருவான கமக்ரியன் என்ற இணை இனத்தைக் கொண்டுவந்தார். 2003 முதல் 2005 வரை வெளிவந்த இரண்டாவது முந்நாவல் வரிசையில், முதல் நாவலில் கதை சொல்லும் பெல்லாஸின் சகோதரி மீமாவை வைத்து அதை விரித்தார். வீடு கட்டிக் குடிபோன பிறகு பக்கத்தில் இழுத்த தாழ்வாரம் மாதிரிதான் அது எனக்குத் தெரிகிறது. மழைக்கு ஒதுங்கலாம், ஆனால் அஸ்திவாரம் போட்டபோது அந்த நினைப்பு இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். மீமா வரும் அத்தியாயங்கள் நன்றாக இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் பையன்கள் என்பதற்கு அவர் வாழ்க்கையில் ஒரு காரணம் தெரிகிறது. 1956-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் பிறந்தவர். எண்பதுகளில் அங்கே காத் என்று ஒரு இசைக் கூட்டம் இருந்தது. கறுப்பு உடை, வெளுத்த முகம், பையன்களின் கண்ணிலும் மை, உதட்டிலும் சாயம். கான்ஸ்டன்டைன் அந்த உலகத்து ஆள். இசைக்குழுக்களுக்கு மேலாளராகக்கூட இருந்திருக்கிறார். மேடையில் நிற்கும் அந்தப் பையன்களைக் கீழிருந்து பார்க்கும் ஒரு பெண்ணின் கண் நாவல் முழுக்க இருக்கிறது. நம் தொடர்கதைகளில் கதாநாயகியின் கூந்தலுக்கும் இடைக்கும் ஆண் எழுத்தாளர்கள் எத்தனை பக்கம் செலவழித்திருக்கிறார்கள்! இவர் அதே வேலையைத் திருப்பிச் செய்தார். சில இடங்களில் தலைமுடி வர்ணனை முடிந்து கதை எப்போது நகரும் என்று எனக்கே பொறுமை போய்விடும்.

முதல் நாவல் வெளிவந்த ஆண்டையும் கவனியுங்கள். 1987. அந்த வருஷம்தான் பிரிட்டிஷ் அரசு எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கைத் துண்டறிக்கையை நாடு முழுக்க வீடுவீடாக அனுப்பியது. அறியாமையால் சாகாதீர்கள் என்பது அதன் வாசகம். அடுத்த வருஷம், ஓரினச்சேர்க்கையை உள்ளாட்சி அமைப்புகள் எந்த வகையிலும் ஊக்குவிக்கக் கூடாது என்று 28-ஆம் பிரிவு என்ற சட்டம் வந்தது. இங்கிலாந்தில் அது விலக 2003 ஆகிவிட்டது. நம் பக்கம் 1986-இல்தான் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்துப் புள்ளிராஜா சுவரெங்கும் வந்து நிற்க இன்னும் வெகு காலம் இருந்தது. ரத்தம் என்றாலே மனிதர்கள் அரண்டுபோயிருந்த நேரம் அது. அப்போது ஒருவர், ஒரு பையனின் உடம்பிலிருந்து இன்னொருவன் உடம்புக்கு ஏறும் ரத்தம் அவனைக் கொல்லாது, புதுப்பிறவி ஆக்கும் என்று எழுதுகிறார். பயத்தையும் அவர் விட்டுவிடவில்லை. ரேத்தூ ஒருவனோடு கூடும் சாதாரண மனிதர் பிழைக்க மாட்டார் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் அவர் கணக்குப் போட்டு எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த வருஷம் நண்பனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து இந்த நாவலைப் பிரித்த ஒருவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று மட்டும் யோசிக்கிறேன்.

இப்போது இரண்டாவது நாவல். 'தி பிவிட்ச்மென்ட்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்', 1988. முதல் நாவலில் கதை சொன்னவன் மனிதனாகப் பிறந்து மாறியவன். இதில் சொல்பவன் ஸ்விஃப்ட், ரேத்தூவாகவே பிறந்த குழந்தை. ஆண், பெண் என்ற பிரிவைப் பார்க்காமலே வளர்கிறவன். கல்ஹியா என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டில் வளர்கிறான். வீட்டின் பெயர் ஃபாரெவர். டெர்ஸியன் அங்கே தலைவன், படை நடத்துகிறவன், போருக்குப் போவான், வருவான், வந்தால் வீடே எழுந்து நிற்கும். ஸ்விஃப்ட்டைச் சுமந்து பெற்றவன் கோப்வெப். அழகன், கனவுகளும் குறிகளும் காண்கிறவன், வீட்டோடு இருப்பவன், காத்திருப்பவன். ஒருநாள் கால் என்ற விருந்தாளி வந்து சேர்கிறான். டெர்ஸியனின் கண் அவன் பக்கம் திரும்புகிறது. அன்றிலிருந்து கோப்வெப்பின் நெஞ்சு எப்படிக் கொதிக்கிறது, வீட்டில் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே எப்படி ஒரு யுத்தமாகிறது என்பதையெல்லாம் ஒரு பிள்ளை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பெண்டாட்டிக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கங்களை விளக்க வேண்டியதே இல்லை.

கவனியுங்கள், அந்த வீட்டில் டெர்ஸியனாலும் கருத்தரிக்க முடியும், கோப்வெப்பாலும் வாளெடுக்க முடியும். உடம்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் ஒருவன் புருஷனாகவும் ஒருவன் பெண்டாட்டியாகவும் ஆகிவிட்டார்கள். தலைவாசலில் கிடக்கும் சாய்வு நாற்காலி யாருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. 1969-இல் அர்சுலா லெ குவின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில் பால் நிலையாக இல்லாத ஒரு உலகத்தை எழுதினார். அந்த உலகம் போரே அறியாதது. வெளியிலிருந்து போன ஒரு தூதன்தான் அதை நமக்குப் பெரும்பாலும் சொல்கிறான். ஒப்பற்ற நாவல். ஆனால் கான்ஸ்டன்டைனின் ஆட்களோ போர் செய்கிறார்கள், சாதி மாதிரி படிநிலைகள் வைத்திருக்கிறார்கள், பொறாமையில் வேகிறார்கள். அதிகாரத்தின் ருசி உடம்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பெண்ணியக் கேள்விக்கு, என் வாசிப்பில், இவர் தந்த பதில் கமக்ரியன்களிடம் இல்லை, கோப்வெப்பிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் கூத்தாண்டவருக்கு வரலாம். நம் பழைய தென்னார்க்காடு பகுதி முழுக்க அவருக்குக் கோயில்கள் உண்டு. கூவாகம் மட்டும் பேப்பரில் வருகிறது. களப்பலிக்கு நேர்ந்துவிடப்பட்ட அரவானுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. கிருஷ்ணன் மோகினியாகி ஒரு ராத்திரி அவனுக்கு மனைவியாக இருக்கிறான். திருநங்கைகள் மட்டுமில்லாமல், வேண்டிக்கொண்ட ஊர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் 'அரவான் களப்பலி' கூத்து ஒன்றில் பெண் வேஷம் கட்டியவரை நான் கொட்டகைக்குப் பின்னால் பார்த்தேன். மூக்குத்தி, சவுரி, தோளில் துண்டு. அரிதாரத்துக்கு அடியில் தாடை முடி அரும்பத் தொடங்கியிருந்தது. சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த பையனை "இன்னாடா, சர்க்கர போடலியா?" என்று அதட்டிவிட்டு, மத்தளம் கேட்டதும் உள்ளே போய் ஒப்பாரி வைத்தார் பாருங்கள், முன்வரிசைக் கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அங்கே அவர் புருஷன்.

நம் மரபின் அழகும் அதுதான், எல்லையும் அதுதான். மோகினிக்கு ஒரு ராத்திரி. விடிந்தால் அறுப்பு, கிருஷ்ணன் மறுபடி தேரோட்டப் போய்விடுவான். ஊர் ஆண்களும் தாலியை அறுத்துப்போட்டுவிட்டு மறுநாள் கழனிக்குப் போவார்கள். ஊர் அந்த ராத்திரியைக் கொண்டாடும், மறுநாளைப் பற்றிப் பேசாது. கான்ஸ்டன்டைனின் ரேத்தூவுக்குத் திரும்பிப்போக வழியே இல்லை. ஏறிய ரத்தம் ஏறியதுதான். அதனால் அவர் மறுநாளை எழுத வேண்டியிருந்தது. யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, யார் வாசலில் காத்திருப்பது, யாருக்கு முதல் மரியாதை. மோகினி கிருஷ்ணனாகத் திரும்பாமல் இருந்துவிட்டால் அவள் குடித்தனம் எப்படி இருக்கும் என்ற கேள்வி இந்த நாவலைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் கேட்ட "தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது" என்பதற்கு என் பதில் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. திருநங்கைகளின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள யாரும் ரேத்தூவைப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு மறுநாள் என்பது வாடகைக்கு வீடு கிடைக்காதது, போலீஸ் ஸ்டேஷன், அம்மாவின் மௌனம். அதை ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) இரண்டிலும் அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

ஏன் தெரியவில்லை என்று கேட்டீர்கள். இவர் புத்தகங்கள் விற்காமல் இல்லை. பெரிய பதிப்பகங்கள்தான் வெளியிட்டன. தேவதைகளின் வீழ்ச்சியை வைத்து 1995 முதல் 1997 வரை எழுதிய கிரிகோரி முந்நாவல்களும் நன்றாக இருக்கும். ஆனால் நடுத்தரமாக விற்கும் எழுத்தாளர்களின் பழைய புத்தகங்களை மறுபதிப்புப் போட அங்கேயும் ஆளில்லை. 2003-இல் இமானியன் பிரஸ் என்று சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கினார். தன் நாவல்களைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார், டேனித் லீ போன்ற சக எழுத்தாளர்களையும் போட்டார். அதற்கு முன்பே புதியவர்களுக்காக ஒரு சிற்றிதழும் நடத்தியிருக்கிறார். கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்தும் கூட்டம் நம்மோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்! அதைவிட எனக்குப் பிடித்தது, தன் வாசகர்கள் ரேத்தூ உலகத்தில் சொந்தக் கதை எழுதியபோது வக்கீல் நோட்டீஸ் அனுப்பாமல், நல்லவற்றைத் தேர்ந்து தன் பதிப்பகத்திலேயே அச்சிட்டது. 2021 ஜனவரியில் இறந்தார். தமிழில் ஒரு அஞ்சலிக் குறிப்பு வந்ததாக என் கண்ணில் படவில்லை.

தம்பிக்கு இப்போது கொடுக்க வேண்டாம். உடலுறவு விரிவாக வருகிறது, வன்புணர்ச்சியும் வருகிறது. டிராகனும் கிடையாது, ஏமாந்துபோவான். கல்லூரிக்குப் போகட்டும். நீங்கள் இரண்டாவது நாவலைத் தேடும்போது பழைய பதிப்பு, திருத்திய பதிப்பு இரண்டும் கண்ணில் படும். திருத்தியதை வாங்குங்கள். படித்துவிட்டு கோப்வெப் பற்றி எழுதுங்கள். கோபத்தோடு எழுதினாலும் சரிதான்.

அன்புடன்.